எங்கே கசிகிறது?



சென்ற கோடை விடுமுறையில் எங்கள் பங்கின் மறைக்கல்வி ஆசிரியர்களும் இளைஞர்களுமாக ஒரு வேன் பிடித்து, ஒரகடத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் சென்றோம். கார்மேல் மாதா திருத்தலத்தில் செபித்துவிட்டு, முட்டுக்காட்டில் படகு சவாரி செய்வதாகத் திட்டம். சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அங்கே 1984-ல் படகுக் குழாமைத் தொடங்கியது. நம் பகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் இளைப்பாறுதல் அதுதான்.

கோயிலிலிருந்து கடற்கரைப் பக்கம் நடந்தபோது ஒரு காட்சி கண்டோம். சிறிய ஃபைபர் உல்லாசப் படகு ஒன்றை மரக்கட்டைகள் மேல் தூக்கி வைத்து, ஒரு பெரியவர் அதற்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இளைஞர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐயா, படகுக்குள்ள தண்ணி வரக்கூடாதுன்னுதானே எல்லாரும் பார்ப்பாங்க? நீங்களே ஊத்துறீங்களே!" என்றார் ஒருவர்.

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "உள்ளே வர்ற வழிதான் தம்பி, வெளியே போற வழியும்" என்றார்.

அவர் விளக்கியதைக் கேட்டுச் சிறிது நேரம் அங்கேயே நின்றுவிட்டோம். படகின் அடியில் தினமும் கொஞ்சம் தண்ணீர் சேர்கிறது என்றால், முதலில் அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாராம். நல்ல தண்ணீர் என்றால் மழை, மேலிருந்து வந்தது. உப்புக் கரித்தால் கீழிருந்து வருகிறது. பிறகு படகைக் கரையேற்றி, வெளிப்புறத்தைக் கழுவி நன்றாகக் காயவிட்டு, சுண்ணக்கட்டிப் பொடி பூசுவார். உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பார். ஈரம் தெரியவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். ஒரே மூச்சில் நிரப்பினால் பாரம் தாங்காது. நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ அல்லவா! எங்கே பொடி நனைகிறதோ, அங்கே பென்சிலால் ஒரு வட்டம்.

"தண்ணி தேங்குற இடம் வேற, நுழையுற இடம் வேற சாமி. முன்னாடி இருக்குற ஒரு திருகாணி ஓட்டையில நுழைஞ்சு, ஓடிப்போய் பின்னாடி தேங்கும். பின்னாடியே பார்த்துக்கிட்டிருந்தா ஆயுசுக்கும் கண்டுபிடிக்க முடியாது" என்றார்.

அன்று அவர் கண்டுபிடித்த ஓட்டை, கயிறு கட்டும் வளையத்தை இறுக்கிய ஒரு திருகாணியின் ஓரம்தான். நொடிக்கு ஒரு சொட்டு. அற்பம் என்று நினைக்கிறோம். ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. ஏறக்குறைய நான்கு லிட்டர். ஒரு வாரத்தில் இரண்டு பெரிய வாளி. உள்பக்கமாகக் கொஞ்சம் பசையை அப்பிவிட்டால் போதாதா என்று கேட்டோம். ஈரத்தின்மேல் பசை பிடிக்காது. பிடித்தாலும் வெளியிலிருந்து தள்ளும் தண்ணீர் அதைப் பெயர்த்துவிடும் என்றார். திருகாணியைக் கழற்றி, துளையைச் சுத்தம் செய்து, முழுவதும் காயவிட்டு, புதுப் பசையிட்டு, வெளியிலிருந்தே அடைக்க வேண்டும்.

எங்களோடு வந்திருந்த ஒரு தம்பி கார் தொழிற்சாலையில் வேலை செய்பவர். "ஃபாதர், எங்க ஷவர் டெஸ்ட்டும் இதேதான்" என்றார். இருங்காட்டுக்கோட்டையில் 1998-லும் ஒரகடத்தில் 2010-லும் கார் உற்பத்தி தொடங்கியது. நம்மில் பலருக்கு அந்த வேலை தெரியும். முழுதாக முடிந்து பளபளவென்று வரும் புதுக் காரின்மேல் நாலாபக்கமும் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். பிறகு டார்ச் விளக்கோடு உள்ளே பார்த்து, தரைவிரிப்பின் கீழே கைவைத்து ஈரம் தேடுகிறார்கள். புத்தம்புதுக் காருக்கே அந்தச் சோதனை தேவைப்படுகிறது. அப்படியானால், பத்து ஆண்டு ஓடிய நம் குடும்பத்துக்கு?

நேயர்களே, எங்கள் பங்கில் ஒரு தம்பதியர். பெயர் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள் என்று அவர்களே அனுமதி தந்தார்கள். கணவர் ஒப்பந்தத் தொழிலாளி. மனைவிக்கு இரவு ஷிஃப்ட். இவர் வரும்போது அவர் புறப்படுவார். வீட்டில் பணம் நிற்கவில்லை. கணவர் குடிக்கிறாரோ என்று மனைவிக்குச் சந்தேகம். தினமும் சண்டை. எங்களிடம் வந்தபோது கடன் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், கைபேசியிலேயே. தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். ஓட்டையைத் தேட நேரமில்லை.

முதல் கடன் எது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தோம். 4,000 ரூபாய். ஓவர்டைம் நின்றுபோன மாதம் அது. குறைந்த சம்பளத்தை மனைவியிடம் சொல்ல வெட்கப்பட்டு, முழுச் சம்பளம் போலக் காட்டக் கடன் வாங்கியிருக்கிறார். குடியும் இல்லை, சூதும் இல்லை. "இந்த மாசம் ஓ.டி. இல்லம்மா" என்று சொல்லப்படாத ஒரு வாக்கியம், அதுதான் அந்தத் திருகாணி ஓட்டை. அதைக் கேட்டதும் அந்தச் சகோதரி அழுதார். "இதைச் சொல்லியிருந்தா நான் திட்டியா இருப்பேன்?" என்றார். இருவரும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாக் கடனையும் எழுதினார்கள். இன்னும் அடைத்து முடிக்கவில்லை. ஆனால் புதுக் கடன் இல்லை.

1986-ல், வறட்சியால் கலிலேயக் கடலின் நீர் வற்றியபோது, மீனவச் சகோதரர் இருவர் சேற்றில் புதைந்திருந்த ஒரு பழைய படகைக் கண்டார்கள். எட்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளம். இயேசு அதில் ஏறினார் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் ஏறக்குறைய அவர் காலத்துப் படகு. அதில் பத்துப் பன்னிரண்டு வகை மரங்கள் இருந்தன. கிடைத்த துண்டுகளை வைத்து, திரும்பத் திரும்பப் பழுதுபார்த்து ஓட்டியிருக்கிறார்கள் அந்த ஏழைகள். ஆண்டவர் ஏறியதும் இப்படி ஒட்டுப்போட்ட படகாகவே இருந்திருக்கலாம். புயலில் தண்ணீர் நிரம்பிய படகில்கூட அவர் இருந்தார் என்று மாற்கு நற்செய்தி சொல்கிறது. ஓட்டை இருக்கிறதே என்று அவர் நம் படகில் ஏறத் தயங்குவதில்லை.

ஆகவே இந்த வாரம் ஒன்று செய்வோம். இருவருக்கும் ஷிஃப்ட் இல்லாத ஒரு மாலையில், கைபேசியை அணைத்துவிட்டு, அரைமணி நேரம் எதிரெதிரே உட்காருவோம். கோபம் ஆறிய பிறகு பேசுவோம். ஈரத்தில் பசை பிடிக்காது. யார் குற்றம் என்று கேட்கவேண்டாம். எங்கே தொடங்கியது என்று கேட்போம்.

நம் இல்லங்களை இறைவன் காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.