விறாந்தைச் சீமெந்து நிலத்தைப் பாதுகாத்தல்



வீட்டுத்திட்டக் காசு கட்டங்கட்டமாக வருகிறது. நிலத்துக்குச் சீமெந்து போடும் நேரம் வரும்போது பலருக்குக் கை வெறுமையாகிவிடுகிறது. போட்ட நிலம் பழுதானால் அதைத் திருத்த இன்னொரு கட்டம் வராது. அதனால் இன்றைக்கு முன் விறாந்தையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். வெயிலும் மழைச்சாரலும் படுகிற இடம் அது. கதிரை, சைக்கிள் எல்லாம் நிற்பதும் அங்கேதான்.

நிலம் போட்ட அடுத்த நாளே காய்ந்துவிட்டது போலத் தெரியும். காய்வது வேறு, இறுகுவது வேறு. சீமெந்து இறுகுவதற்குத் தண்ணீர் வேண்டும். நனைத்த சாக்கை விரித்து, குறைந்தது 7 நாட்களுக்கு ஈரம் போகாமல் வைத்திருங்கள். நல்ல பலம் பிடிக்க 28 நாட்கள் வரை எடுக்கும். தறப்பாள் கொட்டிலில் இருக்கிறவரிடம் பொறுங்கள் என்று சொல்வது இலகுவில்லை, எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் இரும்புக் கட்டிலையும் அலுமாரியையும் முதல் கிழமையில் ஏற்றவேண்டாம்.

இரும்புக் கதிரையின் கால்களைத் திருப்பிப் பாருங்கள். ரப்பர் மூடி கழன்றிருந்தால் குழாயின் விளிம்பு நேரே சீமெந்தில் குத்தி நிற்கும். இழுத்தால் கீறும், நனைந்தால் கறள் இறங்கும். புது மூடி கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் ரியூபை வெட்டி, இரண்டு மடிப்பாகக் காலில் போட்டு, ரியூப் நாடாவாலேயே இறுக்கிக் கட்டுங்கள். கறுப்பு அடையாளம் விழலாம், அது பரவாயில்லை. இடைக்கிடை கழற்றி உள்ளே போன மணலைத் தட்டிவிடுங்கள். மணல் இருந்தால் அதுவே நிலத்தை அராவும். கதிரையை இழுக்காமல் தூக்கி வைக்கப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

சைக்கிள் ஸ்ராண்டுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு போதும்.

கறள் அடையாளத்துக்குச் சிலர் தேசிக்காய் தேய்ப்பார்கள். அந்தப் புளி கறளை எடுக்கும், சீமெந்தையும் தின்னும். தேய்த்தவுடன் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மலசலகூடம் கழுவும் அசிட்டை மட்டும் ஊற்றவே வேண்டாம்.

ஒரு வீட்டில் நிலம் வெடித்துவிட்டது என்று மேசனை ஏசிக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் வெடிப்புக்கு நடுவில் உரல் நிற்கிறது! மா இடிப்பதை முற்றத்து மண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்.

மயிரிழை வெடிப்பு என்று விடாதீர்கள். அதற்குள்ளால் தண்ணீர் இறங்கும், கறையான் ஏறும். தூசியைத் தட்டி, நனைத்து, சீமெந்துப் பசையை உள்ளே இறங்கும்படி அழுத்திப் பூசி, அதையும் சில நாட்களுக்கு ஈரமாக வைத்திருங்கள்.