ஸ்பெயின் கடற்கரையில் வீடு வாங்கும் முன்
(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பல வீட்டுப் பிள்ளைகள் லண்டனிலும் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள். "ஸ்பெயின்ல கடற்கரை ஓரமா ஒரு ஃபிளாட் வாங்கலாம்னு இருக்கோம் அப்பா, நீங்களும் கொஞ்சம் பணம் போடறீங்களா?" என்ற கேள்வி உங்கள் வீட்டுக்கும் வரலாம். அலிகாந்தே பக்கம் கோஸ்டா பிளாங்கா, மாலகா பக்கம் கோஸ்டா டெல் சோல் ஆகிய கடற்கரைகளில் வெளிநாட்டார் பல காலமாக வீடு வாங்கி வருகிறார்கள். வெளிநாட்டவர் என்பதற்காகப் பெரிய தடை ஏதும் இல்லை. சுலபமாக வாங்க முடிவதாலேயே பலர் விசாரிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

வீடு விற்பவருக்குச் சொந்தமா? அந்தக் கட்டடம் சட்டப்படி அங்கே நிற்கலாமா? வாங்கிய பின் நீங்கள் அதில் தங்கலாமா? இவை மூன்று தனித்தனிக் கேள்விகள். பதில் கிடைக்கும் அலுவலகங்களும் வேறு வேறு.

முதல் கேள்விக்குப் பதில் அங்குள்ள சொத்துப் பதிவகத்தில் இருக்கிறது. 'நோட்டா சிம்ப்ளே' என்ற தாளை வாங்கிப் பாருங்கள். நம் ஊர் வில்லங்கச் சான்று போன்றது. உரிமையாளர் யார், அடமானம் உண்டா, ஜப்தி உண்டா என்று தெரியும். பத்திரம் நோட்டரி முன்னிலையில் கையெழுத்தாகும். ஆனால் அந்த நோட்டரி உங்கள் வக்கீல் அல்ல. விற்பவரோ தரகரோ சிபாரிசு செய்யாத வக்கீலை நீங்களே அமர்த்துங்கள். அட்வான்ஸ் ஒப்பந்தத்துக்கு 'அர்ராஸ்' என்று பெயர். பெரும்பாலும் விலையில் 10 சதவீதம் கொடுப்பார்கள். வழக்கமான அர்ராஸில் நீங்கள் பின்வாங்கினால் அது போய்விடும். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தரவேண்டும். ஆகவே விசாரணை முழுவதும் அட்வான்ஸுக்கு முன்பே முடியவேண்டும்.

நம் சங்கத்தாருக்கு நன்கு புரியும் விஷயம் ஒன்று உண்டு. அங்கும் அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்குச் சட்டப்படியான சங்கம் உண்டு. பழைய உரிமையாளர் வைத்த பராமரிப்புக் கட்டணப் பாக்கிக்கு, நடப்பு ஆண்டும் அதற்கு முந்தைய 3 ஆண்டுகளும் அந்த வீடே பொறுப்பு. 'பாக்கி இல்லை' என்ற சான்றிதழைச் சங்கத்திடமிருந்து கேட்டு வாங்குங்கள். "அது எதற்கு, வேண்டாம்" என்று யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரண்டாவது கேள்விதான் பலரைக் கவிழ்த்தது. அல்மேரியா மாகாணத்து வேரா என்ற ஊரில், ஒரு பிரிட்டிஷ் முதிய தம்பதி நகராட்சி அனுமதியோடு வீடு கட்டிக் குடியிருந்தார்கள். அந்த அனுமதி செல்லாது என்று மாநில அரசு வழக்குப் போட்டது. 2008 ஜனவரியில் வீடு இடிக்கப்பட்டது. பத்திரம் கையில் இருந்தும் கட்டடத்தைக் காப்பாற்ற முடியவில்லை. நம் ஊரில் அங்கீகாரம் இல்லாத மனையை நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து நிலத்தில் தனி வீடு மலிவாக வருகிறது என்றால், நகராட்சியின் திட்டப் பிரிவில் நிலத்தின் வகை, கட்டட அனுமதி, குடியேறும் சான்று மூன்றையும் வக்கீல் எழுத்தில் பெறவேண்டும்.

மூன்றாவது, தங்கும் உரிமை. 5 லட்சம் யூரோவுக்குச் சொத்து வாங்கினால் வசிப்பு அனுமதி தரும் திட்டம் 2013-இல் வந்தது. 2025 ஏப்ரல் 3 முதல் அது இல்லை. சொந்த வீடே இருந்தாலும், இந்தியப் பாஸ்போர்ட்டோடு சுற்றுலாவாகப் போகிறவர் விசா எடுக்கவேண்டும். அதிலும் எந்த 180 நாளிலும் 90 நாள்தான். ஓய்வுக்காலத்தை முழுவதுமாக அங்கே கழிக்க நினைப்பவர், முதலில் அதற்கான விசாவுக்கு வழி உண்டா என்று பார்க்கட்டும், வீடு பிறகு.

இனி பணம். பழைய வீடு என்றால் சொத்து மாற்று வரி உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அந்தலூசியாவில் 7 சதவீதம். புது வீடு என்றால் 10 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் முத்திரை வரியும். விற்பவர் ஸ்பெயினில் வசிக்காதவர் என்றால், விலையில் 3 சதவீதத்தை நீங்கள் பிடித்து ஒரு மாதத்துக்குள் வரி அலுவலகத்தில் கட்டவேண்டும். வீட்டைப் பூட்டியே வைத்தாலும், வெளியூர்க்காரருக்கு ஆண்டுதோறும் கற்பித வருமானத்தின்மேல் வரி வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவருக்கு 19 சதவீதம், லண்டன் பிள்ளைக்கும் நமக்கும் 24.

இங்கிருந்து பணம் அனுப்ப, ரிசர்வ் வங்கித் திட்டத்தில் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுமதி. குடும்பத்தார் வரம்பைச் சேர்த்து அனுப்புவதானால் எல்லோர் பெயரும் பத்திரத்தில் இருக்கவேண்டும். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் அன்றைக்குக் கையில் அந்தப் பணம் வேண்டும். பிறகு ஒவ்வொரு ஆண்டும் வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் வீட்டைக் காட்டுங்கள். விட்டுவிட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு.

பிள்ளைகள் ஆசையாகக் கேட்கும்போது தடுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் ஓய்வூதியப் பணம் அதில் போகிறது என்றால், "இந்த மூன்று கேள்விக்கும் தாள் எங்கேப்பா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தாள் வந்த பின் செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.