பூட்டிக் கிடந்த அடைக்கலம்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் ஞாயிறு காலை ஆராதனையில் ஆற்றிய உரை)

 

நான் 2010-ல் சிவில் பிரிவில் படித்து முடித்தவன். பிரசங்கம் பண்ண எனக்குத் தெரியாது. ஸ்லாப் போடச் சொன்னால் போடுவேன். ஆகவே இதைக் கட்டிடக்காரன் பேச்சாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கமாகக் கரையைக் கடந்தது. சில வாரங்கள் கழித்து, கடலோரக் கட்டிடங்களைப் பார்வையிட்டு அறிக்கை எழுதும் வேலைக்காக நான் அங்கே போனேன். அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் புயல் பாதுகாப்புக் கட்டிடங்களைப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி வரைபடம்தான். கடல்நீர் ஏறி வந்தாலும் அடியில் புகுந்து போகட்டும் என்று தூண்கள்மேல் உயர்த்திக் கட்டியவை.

முதல் ஊரில் அந்தக் கட்டிடத்தில்தான் தினமும் பள்ளிக்கூடம் நடக்கிறது. கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டிருந்தார்கள். குழாயில் தண்ணீர் வந்தது. புயல் அன்று மாலையே சனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்களாம். அடுத்த ஊரில் வேறு ஏற்பாடு. புயலுக்கென்று ஒதுக்கி, பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். உப்புக் காற்றில் பூட்டு துருவேறிப் போயிருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "சாவி யார்கிட்ட இருக்குன்னே தெரியல தம்பி. ராத்திரி மழையில கடப்பாறைய வச்சு ஒடச்சுத்தான் உள்ள போனோம். உள்ள போனா ஒரே இருட்டு, தண்ணியும் இல்ல."

அன்றாடம் புழங்குகிற கட்டிடம்தான் ஆபத்துக்கு உதவும். பேரிடர்க் கட்டிடங்களைப் பள்ளிக்கூடமாகவும் சமுதாயக் கூடமாகவும் பயன்படும்படி அமைக்கச் சொல்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம். புழக்கம் இருந்தால் பராமரிப்பும் தானாக வரும். எனக்குத் தெரிந்த பாடம்தான். ஆனால் அந்தத் துருப்பிடித்த பூட்டைப் பார்த்தபோது என் நெஞ்சு படபடத்தது. ஏனென்றால் அதே பூட்டை நான் 2016-லேயே பார்த்திருக்கிறேன்.

விடுதியில் ஜெபக்குழுச் செயலாளராக இருந்தவன் நான். விடியற்காலையில் கதவைத் தட்டி எழுப்பி உங்களில் சிலரிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன். வேலைக்குப் போனபின் அந்தப் பழக்கம் மெதுவாக விட்டுப்போயிற்று. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவேன். தினமும் தேவனோடு பேசுவது மட்டும் நின்றுவிட்டது. "கஷ்டம் வந்தா பாத்துக்கலாம்" என்று இருந்தேன்.

2016-ல் ஒரு நாள் ஸ்லாப் கான்கிரீட். முந்தின இரவு மழை. சென்ட்ரிங் முட்டுகள் புதிதாக நிரப்பிய மண்மேல் நின்றன. முட்டுக்கு அடியில் பலகை போட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்திருக்க வேண்டும். லாரி வந்து நிற்கிறது என்ற அவசரத்தில், பார்க்காமலே தாளில் கையெழுத்துப் போட்டேன். பாதிக் கான்கிரீட் ஏறியபோது ஒரு மூலையில் முட்டுகள் மண்ணுக்குள் இறங்கின. கீழே நின்ற வயதான கொத்தனாருக்கு இரண்டு கால்களும் முறிந்தன.

ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து "கர்த்தாவே" என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை. ஆறு வருஷம் திறக்காத கதவு. அதைப் பூட்டியது அவர் அல்ல, நான்தான். ஊருக்குப் போன் போட்டேன். அம்மா சொன்னார்கள்: "வார்த்தை வரலன்னா அவரு பேர மட்டும் சொல்லிட்டு உக்காந்திருடா." விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

காலையில் கொத்தனார் கண் விழித்ததும் சொன்ன முதல் வார்த்தை: "மழை பேஞ்ச மண்ணு சார். நீங்க குனிஞ்சு பாத்திருக்கணும்." அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த நாட்களில்தான் யோசுவா 20-ம் அதிகாரத்தை ஒழுங்காக வாசித்தேன். கேதேஸ், சீகேம், எபிரோன், பேசேர், ராமோத், கோலான் என்று ஆறு அடைக்கலப்பட்டணங்கள். யோர்தானுக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. யாருக்காக? வேண்டுமென்று இல்லாமல் கைப்பிசகாக ஒரு உயிருக்கு முடிவு வருத்தினவனுக்காக. உபாகமம் 19 கொடுக்கும் உதாரணம் மரம் வெட்டப் போனவனுடைய கோடரி காம்பிலிருந்து கழன்று தோழன்மேல் விழுந்தது. சுத்தமான வேலைத்தள விபத்து! அந்தப் பட்டணங்களுக்கு வழியை ஆயத்தப்படுத்தி வைக்க வேண்டும் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. ஓடி வருகிறவன் வழியிலேயே அகப்பட்டுவிடக் கூடாதல்லவா?

ஆனால் ஒன்று கவனியுங்கள். ஓடி வந்தவன் வாசலில் நின்று நடந்ததை மூப்பர்களிடம் சொல்ல வேண்டும். சபைக்கு முன்பாக விசாரணைக்கும் நிற்க வேண்டும். அதாவது அடைக்கலம் என்பது தப்பித்து ஒளிந்துகொள்ளும் இடமல்ல. உண்மையைச் சொல்லத் தைரியம் கிடைக்கும் இடம்.

விசாரணையில், "மேஸ்திரிமேல போட்டுருங்க, முடிஞ்சுரும்" என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதாக எழுதிக் கொடுத்தேன். என் சம்பள உயர்வு நின்றது. ஒரு வருஷம் சைட்டுக்கு அனுப்பாமல் ஆபீசிலேயே உட்கார வைத்தார்கள். கொத்தனாருக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. கால் முழுதாகச் சரியாகவில்லை. இன்றும் சாய்ந்துதான் நடக்கிறார். தேவனை நம்பினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று உங்களிடம் நான் சொல்ல மாட்டேன். 46-ம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். பூமி நிலைமாறாது, கடல் பொங்காது என்று அது எங்கும் சொல்லவில்லை. அவையெல்லாம் நடக்கும்போதும் அடைக்கலம் உண்டு என்றுதான் சொல்கிறது.

அந்த அடைக்கலத்துக்குள் எப்போது போவது? தினமும்தான். யாத்திராகமம் 16-ல் மன்னாவை விடியற்காலையில் பொறுக்க வேண்டும். வெயில் ஏறினால் உருகிப் போகும். நாளைக்கு என்று எடுத்து வைத்தால் புழுத்து நாறும். ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் சேர்த்ததற்கு மட்டும் விலக்கு. விடுதி நாட்களில் பண்ணின ஜெபத்தைச் சேமித்து வைத்து 2016-ல் சாப்பிட நினைத்தவன் நான்!

இப்போது சைட் டைரியில்தான் என் நாள் தொடங்குகிறது. சிமெண்ட் எத்தனை மூட்டை, ஆள் எத்தனை என்று எழுதும் பக்கத்தின் தலைப்பில் ஒரு வரி ஜெபம் எழுதுவேன். அன்றைக்கு எனக்கு எதில் பயமோ, அதையே எழுதுவேன். பத்து நிமிஷம் அமைதியாக உட்காருவேன். பிறகு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போய், ஒவ்வொரு முட்டுக்கும் அடியில் பலகை இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். ஜெபித்துவிட்டேன், ஆகவே பார்க்க வேண்டியதில்லை என்பது விசுவாசம் அல்ல, சோம்பேறித்தனம்.

தம்பி தங்கைகளே, அரியர், நேர்முகத் தேர்வு, வீட்டுக் கடன் என்று உங்களுக்கும் புயல்கள் உண்டு. அது வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த ஆலயத்தின் கதவு தினமும் காலையில் திறக்கிறது. நாங்கள் படித்த காலத்திலும் திறந்துதான் இருந்தது. மெஸ்ஸுக்குப் போகிற வழிதான். பத்து நிமிஷம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டுப் போங்கள். என்னைப்போல் நடுவில் விட்டுவிட்ட நண்பர்களே, நாமும் இன்றைக்கே அந்தக் கதவைத் திறப்போம்.

கர்த்தர் நம் யாவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.