காமன் கம்பமும் பச்சை நிற ஆறும்



ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில், அமெரிக்காவின் சிக்காகோ நகரத்து ஆற்றிலே சாயத்தைக் கொட்டி அதனைப் பச்சையாக்குகிறார்கள். 1962ஆம் ஆண்டில் தொடங்கிய வழக்கம் அது. கரை நெடுகிலும் பச்சை உடுத்திய சனங்கள் கூடி நிற்பார்கள். பிடிலும் பைக்குழலும் மேளமுமாக ஊர்வலம் போகும். மார்ச் 17ஆந் திகதி வரும் புனித பற்றிக்கின் திருநாளையொட்டி அயர்லாந்து வம்சாவளியினர் எடுக்கும் விழா அது.

எஹலியகொடையிலிருந்து வந்து பேசுகின்ற எனக்கும் அந்த ஆற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அவர்களுடைய விழாவை ஒட்டிய பருவந்தான் நம்முடைய மாசி. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் நமது தோட்டங்களிலே காமன் கம்பம் நடுவார்கள். வயிற்றுக்காகக் கடல் கடந்த இரண்டு கூட்டத்தார் ஏறக்குறைய ஒரே பருவத்தில் தம் பாட்டன்மாரின் பாட்டை எடுத்துப் பாடுகிறார்கள். ஒரு கூட்டத்தாரின் பாட்டு உலகெங்கும் பரவியது. மற்றக் கூட்டத்தாரின் பாட்டு தோட்டத்துக்குத் தோட்டம் தேய்ந்துகொண்டு வருகிறது. ஏன் அப்படி? அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

1845ஆம் ஆண்டில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் பிடித்தது. ஏழைக் குடியானவனுக்கு அங்கே கிழங்குதான் சோறு. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் பட்டினியிலும் காய்ச்சலிலும் மாண்டார்கள். இன்னும் பத்து இலட்சம் பேருக்கு மேல் கப்பலேறினார்கள். சாகும்போது அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தது. ஆட்சி பிரித்தானியருடையது.

நம்முடைய கதையும் இதே ஆட்சியின் கீழ் நடந்ததுதான். 1820களில் கோப்பிக்கென ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும் பஞ்சம் மேலும் பலரை ஊரைவிட்டுக் கிளப்பியது. கோப்பி நோயில் அழிந்தது, தேயிலை வந்தது. சப்ரகமுவப் பக்கத்தில் இறப்பர் வந்தது. 1912இல் களனிவெளிச் சிறுரயில் எஹலியகொட வழியாக இரத்தினபுரிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பாதையோரத்து மேடுகளில் எழுந்த லயங்களில் ஒன்றிலேதான் நான் பிறந்தேன். எங்கள் பகுதியில் இன்று அந்த ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை.

மாசி மாதத்தில் இறப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்க்கும். பால் குறையும், பேர் விழுகிற நாளும் குறையும். கையிலே காசில்லாத அந்த மாதத்தில்தான் எங்கள் தோட்டத்தில் காமன் பண்டிகை நடந்தது. தவத்திலிருந்த சிவன்மீது மலர்க்கணை தொடுத்த மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்துபோன கதையைத் தான் ஆடுவார்கள். ரதியும் மதனும் வேடங்கட்டி, தப்புக்கு அடி வைத்து, லயம் லயமாக வருவார்கள். தூதன் வருவான், வீரபத்திரன் வருகிறபோது பிள்ளைகள் ஓடி ஒளிவார்கள். பௌர்ணமி இரவில் கூத்து விடியும்வரை நடக்கும். மதன் எரிந்த பிறகு ரதி புலம்புவாள். ரதி வேடங் கட்டியவர் ஆண்தான். பகலிலே பால்வாளி சுமக்கிறவர்தான். ஆனாலும் அந்தப் புலம்பல் தொடங்கியதும் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் அவனுக்காக அழுவாள். பிள்ளையைப் புதைத்தவள் பிள்ளைக்காக அழுவாள். வருஷம் முழுக்க அழ நேரமில்லாதவர்கள் அந்த ஓரிரவில் அழுது தீர்த்தார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தக் கூத்துக்கு வாத்தியாராக இருந்தவர் என் பெரியப்பா. எழுதப் படிக்கத் தெரியாதவர். மூன்றாம் பிறை தொடங்கிப் பௌர்ணமிவரை பாடவேண்டிய அத்தனை பாட்டும் அவர் நெஞ்சிலே இருந்தன.

நானோ நாலெழுத்துப் படிக்கப் போன பிள்ளை. பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த சிலர், "தப்படிக்கிற கூட்டம்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். பிரட்டுக்கு ஆளைக் கூப்பிட்டதும் தப்பு. சாவு வீட்டில் முழங்கியதும் தப்பு. சாமிக்கு முன் அதிர்ந்ததும் தப்பு. பிறப்பையும் சாதியையும் வைத்து அந்தத் தோற்கருவிக்கே ஓர் இழிவை ஏற்றி வைத்திருந்தார்கள். அந்த இழிவை நானும் நம்பினேன். பண்டிகைக் காலத்தில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சிநேகிதன் வீட்டுக்குப் போய்விடுவேன்.

இந்த வெட்கம் அயர்லாந்துக்காரருக்கும் இருந்தது. வீடுகளிலும் நாற்சந்திகளிலும் கூடி ஆடிப் பாடுவது ஒழுக்கத்துக்குக் கேடு என்று பாதிரிமார் பேசினார்கள். நாடு விடுதலை பெற்ற பின்னரும், 1935இல் அவர்களுடைய சொந்த அரசாங்கமே ஒரு நடனமண்டபச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அனுமதிப் பத்திரம் பெற்ற மண்டபத்தில் மட்டும் ஆட்டம் என்றாயிற்று. வீட்டு ஆட்டங்கள் பல ஊர்களில் நின்றுபோயின. பவ்ரான் என்றொரு மேளம் அவர்களிடம் உண்டு. வட்டச் சட்டத்தில் ஆட்டுத்தோல் கட்டி, குச்சியால் அடிப்பது. படத்திலே பார்த்தால் நம் தப்பின் தம்பி என்பீர்கள். அதுவும் நாட்டுப்புறத்தான் மேளமென்று ஒதுங்கிக் கிடந்ததுதான். 1960களில் ஷோன் ஓ ரியாடா என்னும் இசைமேதை அதனைத் தம் வாத்தியக் குழுவில் சேர்த்தார். மேடையேறிய பிறகு அதற்கு மரியாதை வந்தது.

அதற்கு முன்பே ஒருவர் பெரியதொரு காரியம் செய்திருந்தார். அவர் பெயர் பிரான்சிஸ் ஓ நீல். அயர்லாந்தின் கோர்க் மாவட்டத்தில் 1848இல், பஞ்ச காலத்திலே பிறந்தவர். கப்பலேறிப் போய், அலைந்து, சிக்காகோவில் பொலிஸ்காரரானார். 1901இல் அந்நகரப் பொலிஸ் படைக்கே தலைவரானார். தம் நாட்டு மெட்டு தெரிந்தவன் யார் வந்தாலும் அவனை உட்காரவைத்துக் கேட்பார். நல்ல வாத்தியக்காரனைப் பொலிஸ் வேலையிலும் சேர்த்துக்கொள்வாராம். சுரக் குறிப்பெழுதும் வேலையை, அதே குடும்பப் பெயர் கொண்ட இன்னொரு பொலிஸ்காரர் செய்தார். ஒருவர் வாசித்துக் காட்ட, மற்றவர் எழுத, 1903இல் 1,850 மெட்டுகள் கொண்ட நூல் வெளியாயிற்று. ஊரிலே மறந்துபோன மெட்டு அந்நிய நாட்டுப் பொலிஸ்காரரின் கொப்பியிலிருந்து ஊருக்குத் திரும்பியது. இன்றும் அயர்லாந்தில் வாத்தியம் பழகுகிறவர்கள் அந்த நூலைப் புரட்டுகிறார்கள்.

இந்த ஓ நீலைப் பற்றி முதன்முதலில் வாசித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது உங்களுக்குத் தெரியும். 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும் என்று இரண்டு அரசுகளும் பேசி முடித்தன. ஆட்களை எண்ணினார்களே தவிர, கூத்து வாத்தியார் எத்தனை பேர், தப்படிக்கிறவர் எத்தனை பேர் என்று எவரும் எண்ணவில்லை. ஒரு தோட்டத்தில் ரதி போனாள், மதன் நின்றான். இன்னொன்றில் பாட்டுக்காரர் போனார், தப்பு நின்றது. பெரியப்பாவுக்கு 1973இல் பயணம் குறிக்கப்பட்டது. தலைமன்னாருக்குப் புறப்பட ஒரு மாதம் இருக்கையில் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ படிச்ச புள்ள. ஒரு கொப்பி வாங்கிக்க. நான் ராவுல சொல்லுறேன், நீ எழுதிக்க. அங்க போயி நான் எத்தன நாளைக்கோ" என்றார்.

சோதனை முடியட்டும் பெரியப்பா என்றேன். சோதனை முடிந்தது. கொப்பியும் வாங்கினேன். எழுதவில்லை. லயத்து வாசலிலே உட்கார்ந்து காமன் பாட்டு எழுதுவதை யாரும் பார்த்துவிடுவார்களோ என்று கூச்சம். பெரியப்பா இரண்டாந்தரம் கேட்கவில்லை. தப்பை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். 1981 ஓகஸ்ட்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது நாங்கள் இறப்பர் மரங்களுக்குள் ஓடிப் பதுங்கினோம். திரும்பி வந்தபோது லயத்தின் கூரையும் இல்லை, தப்பும் இல்லை. அதன் பிறகு இரவிலே மேளஞ் சத்தம் கேட்டாலே சனங்களுக்கு நெஞ்சு படபடத்தது. எங்கள் தோட்டத்தில் காமன் கம்பம் நடுவது அத்தோடு நின்றது. தோட்டத்தை எரித்தவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால் எட்டு வருஷத்துக்கு முன்னரே அந்தக் கொப்பியை வெறுமையாக வைத்தவன் நான். அந்தப் பழியை யார் தலையிலும் போட முடியாது.

எழுதி வைத்தவர்கள் நம்மிலே இல்லாமல் இல்லை. மீனாட்சி அம்மாள் தாமே பாட்டியற்றி, தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். 1940இல் அவருடைய பாடல்கள் நூலாயின. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந் தோட்டமாகக் கேட்டுத் திரட்டிய மக்கள் பாடல்கள் அவர் மறைந்த பின் 1987இல் நூலுருப் பெற்றன. சாரல் நாடன், மாத்தளை வடிவேலன் போன்றோர் அந்தப் பணியைத் தொடர்ந்தார்கள். இவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் மலையகம் என்றதும் நுவரெலியாவும் ஹற்றனுமே பலருக்கு நினைவில் வரும். இரத்தினபுரி, கேகாலை இறப்பர்க் காடுகளுக்குள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிற சிறு தோட்டங்கள் எளிதில் கண்ணில் படுவதில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடம் தூரத்தில் இருந்தால் பிள்ளை சிங்களப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. அதிலே தப்பென்ன? பிழைக்க வேண்டுமே. ஆனால் பாட்டு பாட்டியோடு நின்றுவிடுகிறது.

அயர்லாந்துக்காரர் நூல் போட்டதோடு நிற்கவில்லை. 1951இல் முல்லிங்கர் என்னும் ஊரில் சிறிய அளவில் ஓர் இசைவிழாவைத் தொடங்கினார்கள். 'பிளா' என்பார்கள் அதை. இன்று இலட்சக்கணக்கானோர் கூடும் விழா அது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர், பதினைந்துக்குட்பட்டோர், பதினெட்டுக்குட்பட்டோர், பெரியோர் என்று பிரித்துப் போட்டி வைக்கிறார்கள். கடல் கடந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளும் வந்து கலந்துகொள்கிறார்கள். போட்டி முடிந்தால் தெருவோரங்களில் கிழவரும் சிறுவரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கிறார்கள். தெரிந்தவர் பக்கத்தில் தெரியாதவரை உட்காரவைப்பது. விழாவின் உயிர் அதுதான். தலைநகர் டப்ளினின் பெரிய பற்றிக் திருவிழாகூட 1996இல்தான் இன்றைய வடிவில் ஆரம்பமானது. நியூயோர்க்கில் 1762இலேயே ஊர்வலம் போயிருக்கிறார்கள். வெளியே போனவர்கள் வளர்த்ததை வீட்டிலிருந்தவர்கள் பிறகு திருப்பி எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

2023இல் மலையகத்தார் வந்து இருநூறு ஆண்டுகள் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்கும் ஒரு வேகம் வந்தது. பிற்பாடு ஒரு மாசியில் பழைய தோட்டத்துக்குப் போனேன். கூத்தாடியவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. எண்பது வயதான ஓர் அக்கா மட்டும் இருந்தார். "காமன் பாட்டு ஏதாச்சும் ஞாபகம் இருக்கா அக்கா?" என்றேன்.

"நமக்கு ஏது பாட்டு? ஆம்பளைங்கதானே பாடுனாங்க" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ரதியின் புலம்பலைத் தொடங்கினார். முதலடி முதல் கடைசிவரை பாடினார். கம்பத்தடியில் ஒருநாளும் பாட விடப்படாதவர் அவர். வருஷா வருஷம் கேட்டு அழுததிலேயே பாட்டு மனதில் பதிந்துவிட்டது.

அவருடைய பேரன் பக்கத்தில் இருந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தான். வாங்கிப் பார்த்தேன். தமிழ்ப் பாட்டு, ஆனால் சிங்கள எழுத்தில் இருந்தது. பையன் படிப்பது சிங்களப் பள்ளிக்கூடத்தில். ழகரத்துக்கு அந்த எழுத்தில் இடமில்லை என்பதால் அங்கெல்லாம் ளகரம் போட்டிருந்தான். எனக்குத் தொண்டை அடைத்தது. வருத்தமா, சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"வாசி பார்ப்போம்" என்றேன். எழுத்துக் கூட்டி வாசித்தான். அழுகை என்று வரவேண்டிய இடத்தில் அளுகை என்றான். அக்கா சிரித்துக்கொண்டே திருத்தினார். மறுபடி வாசித்தான். மூன்றாந் தரம் வாசிக்கவில்லை, பாடினான்.

ஐம்பது வருஷத்துக்கு முன் தமிழெழுத்து முழுவதும் தெரிந்த நான் எழுதாமல் விட்டதை, தமிழெழுத்தே தெரியாத அந்தப் பையன் எழுதி முடித்தான். அவனுடைய கொப்பியிலிருந்து தமிழில் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். இனி அவனுக்குத் தமிழெழுத்துப் பழக்கவேண்டும். மாதம் இரண்டு ஞாயிறு போய் வருகிறேன்.

உங்கள் வீட்டுப் பக்கத்திலும் இப்படி ஓர் அக்கா இருப்பார். நேயர்களே, இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். சோதனை முடியட்டும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.