இலக்கியமும் எங்கள் எதிர்காலமும்

(ஊராட்சி நூலக ஆண்டு விழாவில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவ மாணவியர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இவ்விழாவில் மாணவர்களாகிய எங்களையும் பேசப் பணித்தமைக்கு முதற்கண் எங்கள் நன்றியைத் தெரிவித்துக் கொள்கின்றோம். இன்னும் சில திங்களில் நாங்கள் பள்ளியை விட்டு நீங்கவிருக்கின்றோம். எங்களுள் பலர், தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பை எட்டியவர்கள். அடுத்து எங்கே செல்வது, எதைப் படிப்பது என்னும் கேள்வி எங்கள் வீடுகள்தோறும் எழுந்துள்ளது. அந்தக் கேள்வியோடு வேறொரு கேள்வியும் எங்கள் காதில் விழுகின்றது. "பாட்டும் கதையும் சோறு போடுமா?" என்பதே அது. வயலிலும் சாலைப் பணியிலும் உழைத்து எங்களைப் படிக்க வைக்கும் பெற்றோர் கேட்கும் கேள்வியாதலின், அதை நாங்கள் எளிதாகத் தள்ளிவிட முடியாது. அதற்கு எங்களால் இயன்ற விடையைக் கூறவே இங்கு வந்துள்ளோம்.

முதலில், எங்களுக்குக் கிடைத்துள்ள வாய்ப்புகளை நன்றியுடன் நினைவுகூர்தல் வேண்டும். நாட்டுப்புறக் குழந்தை பசியால் பள்ளியை விட்டு நிற்கலாகாது என்று 1956-ஆம் ஆண்டில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2022-ஆம் ஆண்டில் காலை உணவும் வந்தது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்றோர்க்கு மருத்துவக் கல்லூரிகளில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2020-இல் இயற்றப்பெற்றது; அடுத்த ஆண்டில் பொறியியல், வேளாண்மை முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. உயர்கல்வி பயிலச் செல்லும் அரசுப் பள்ளி மாணவியர்க்குத் திங்கள்தோறும் ரூபாய் 1,000 வழங்கும் திட்டம் 2022-இலும், மாணவர்க்கான அத்தகைய திட்டம் 2024-இலும் தொடங்கின. எங்கள் பெற்றோர் கண்டறியாத கதவுகள் இவை. கதவு திறந்திருப்பது பெரிது. ஆனால் உள்ளே சென்று நிலைத்து நிற்கும் ஆற்றல் எங்களிடத்தில் இருத்தல் வேண்டும் அன்றோ?

அந்த ஆற்றலின் அடிப்படை, வாசித்துப் பொருள் கொள்ளும் திறனேயாகும். வினா விடைக் கையேட்டை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றுவிடலாம். ஆனால் கல்லூரிக்குச் சென்றபின், முன்பின் பார்த்திராத நூல் ஒன்றைத் தானே படித்து அறிய வேண்டிய நிலை வரும். அப்பொழுது கையேடு துணை நிற்பதில்லை. ஒரு புதினத்தை முதலிலிருந்து முடிவு வரை படித்தவனுக்கு இருநூறு பக்க நூல் அச்சம் தருவதில்லை. ஒரு செய்யுளைப் பிரித்து, ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கு நிற்கின்றது என்று எண்ணிப் பழகியவன், கடன் பத்திரத்தையும் நிலத்தின் பத்திரத்தையும் அவ்வாறே வரி வரியாகப் படிப்பான். கையொப்பம் இடுமுன் ஒரு முறை நிறுத்திக் கேட்பான். இந்தப் பயன் சிறியதன்று.

இக்காலத்தில் கைப்பேசியில் வினாவைத் தட்டினால் கட்டுரையையே எழுதித் தரும் கருவிகள் வந்துவிட்டன. பின் எதற்கு வாசிப்பு என்று எங்கள் தோழர்களே கேட்கின்றனர். கருவி தருவது சரியா, பிழையா என்று ஆராயத் தெரியாதவன் அதற்கு முதலாளியாக முடியாது; அது சொன்னதைச் சுமக்கும் ஆளாகவே இருப்பான். ஆகவே கருவிகள் பெருகப் பெருக, வாசிப்பின் தேவையும் பெருகுமேயன்றிக் குறையாது.

இனி, இலக்கியம் நம் ஊருக்கு என்ன செய்கின்றது என்பதைப் பார்ப்போம். புறநானூற்றில் குடபுலவியனார் என்னும் புலவர் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுரை கூறிய பாட்டு ஒன்று உண்டு. மறுமை இன்பத்தை விரும்பினாலும், வெற்றியை விரும்பினாலும், நிலைத்த புகழை விரும்பினாலும், நீ செய்ய வேண்டுவது பள்ளமான இடங்களில் நீரைத் தேக்கிக் குளம் அமைப்பதே என்பது அதன் கருத்து. ஏரி தூர்வாருவதைப் பற்றி நாம் இன்று கிராம சபையில் பேசுகின்றோம். அப்பேச்சு இந்நாட்டில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது என்பதை அறியும்பொழுது, நம் ஏரிக்கரையின் மேல் நமக்கு வேறொரு மதிப்பு உண்டாகின்றது.

அந்தப் பாட்டு எங்கள் கைக்கு வந்த வழியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உத்தமதானபுரம் என்னும் சிற்றூரைச் சேர்ந்த, 1855-இல் பிறந்த உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடினார். செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாகிக் கொண்டிருந்தவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, சீவக சிந்தாமணியை 1887-இலும், சிலப்பதிகாரத்தை 1892-இலும், புறநானூற்றை 1894-இலும் அச்சிட்டார். அவ்வேடுகளுள் பல சிற்றூர் வீடுகளிலும் மடங்களிலும் கிடைத்தவை. எனவே இலக்கியம் நகரத்தார் நமக்குத் தந்த பொருளன்று. ஊர்கள் காத்து வைத்திருந்த செல்வம் என்றே நாங்கள் கொள்கின்றோம்.

அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் என்னும் ஊரில் உழவராக இருந்தவர் கி. ராஜநாராயணன். உயர்ந்த பட்டம் எதுவும் பெறாத அவர், கரிசல் நிலத்து மக்களின் பேச்சையும் கதைகளையும் எழுதினார்; அவ்வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதியும் செய்தார். 'கோபல்லபுரத்து மக்கள்' என்னும் புதினத்துக்காக 1991-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு அவருக்குக் கிடைத்தது. புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பேராசிரியராக அமர்த்தியது. இளமையிலேயே மணமாகி, கல்லூரிப் படிப்புப் பெறாத ராஜம் கிருஷ்ணன் அம்மையாரோ, உழைப்பவர் நடுவே நேரில் சென்று கண்டு எழுதினார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்வை அவருடைய 'கரிப்பு மணிகள்' காட்டுகின்றது. இவர்களைப் படித்தபின், எங்கள் ஊரும் எழுதத்தக்க ஊரே என்னும் துணிவு எங்களுக்குப் பிறந்துள்ளது.

அத்துணிவினால் சிறு பணி ஒன்றையும் தொடங்கியுள்ளோம். கமலை இறைத்த காலத்துச் சொற்களாகிய சால், வடம், வால்கயிறு என்பவற்றை எங்களுள் பெரும்பாலோர் அறியோம். மின்விசைப் பம்பு வந்தபின் அப்பொருள்களும் போயின, பெயர்களும் போகின்றன. மடை, மதகு, கலிங்கு என்னும் சொற்களின் வேறுபாட்டையும் பெரியோர்களிடம் கேட்டே அறிந்தோம். இவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வருகின்றோம். இக்குறிப்பேட்டை இந்நூலகத்திலேயே வைக்க விரும்புகின்றோம்.

இங்கேதான் எங்கள் வேண்டுகோளுக்கு வருகின்றோம். இந்நூலகக் கட்டடம் 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் எழுந்தது. கட்டடம் இருக்கின்றது; நூல்கள் இருக்கின்றன. ஆனால் அது திறந்திருப்பது காலையில் சில மணி நேரமே. அப்பொழுது நாங்கள் பள்ளியில் இருக்கின்றோம். நீங்கள் வயலில் இருக்கின்றீர்கள். நாங்கள் பேருந்தில் திரும்பும் மாலை வேளையில் கதவு பூட்டியிருக்கின்றது. எங்கள் வீடுகள் பலவற்றில் ஒரே அறைதான். அதில் தொலைக்காட்சியும் சமையலும் சிறு குழந்தைகளும் இருக்கையில், படிக்க அமைதியான இடம் ஏது? ஆண் பிள்ளைகளாவது கோயில் மண்டபத்துக்குச் செல்கின்றனர். பெண் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். நூல்கள் காத்து வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது அவற்றுள் முதலாவது. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றும் நாம் செலுத்தும் வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரியும் சேர்த்தே செலுத்துகின்றோம். ஆகவே நூலகம் யாரோ தரும் இலவசமன்று; வரி செலுத்தும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய பொதுப்பணியாகும். மாட்டு வண்டியே நூல்களைச் சுமந்து சென்ற நாட்டில், கட்டி முடித்த நூலகத்தின் பூட்டைத் திறப்பது நம்மால் ஆகாததா?

எங்கள் வேண்டுகோள்கள் மூன்று. முதலாவது, நாள்தோறும் மாலை 5 மணி முதல் 8 மணி வரை நூலகம் திறந்திருத்தல் வேண்டும். இரண்டாவது, அந்நேரத்தில் மகளிர் சுய உதவிக் குழுவினரில் ஒருவர் முறைவைத்து அங்கே இருந்தால், பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கமாட்டார்கள். மூன்றாவது, நூலகத்திலிருந்து தெருமுனை வரை விளக்குகள் எரிதல் வேண்டும்.

இவற்றுக்கு ஈடாக எங்கள் பங்கையும் கூறுகின்றோம். நூல்களைத் துடைத்து அடுக்கி, பதிவேடு எழுதும் பணியை நாங்கள் ஏற்கின்றோம். ஞாயிறுதோறும் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு மணி நேரம் கதை வாசித்துக் காட்டுவோம். நாங்கள் வெளியூருக்குப் படிக்கச் சென்றபின் அப்பணியைப் பதினொன்றாம் வகுப்பினர் தொடர்வதாக ஒப்புக்கொண்டுள்ளனர்.

நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு நாள்களில் கிராம சபை கூடுகின்றது. எங்கள் பெயர் இன்னும் வாக்காளர் பட்டியலில் ஏறவில்லை; ஆதலின் அங்கே தீர்மானம் கொண்டுவரும் உரிமை எங்களுக்கு இல்லை. அவ்வுரிமையுடைய நீங்கள் எங்களுக்காக அதனைக் கொண்டுவருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கின்றோம். நாங்கள் மருத்துவராகலாம், உழவராகலாம், ஆசிரியராகலாம். எங்களுள் சிலர் இவ்வூரிலேயே இருப்போம், சிலர் தொலைவிலிருந்து திரும்புவோம். எவ்வாறாயினும், எங்களுக்குப் பின்வரும் பிள்ளைகள் மாலையில் வந்து அமர்ந்து படிக்க ஓர் இடம் இருத்தல் வேண்டும். அத்தீர்மானத்தின் வாசகத்தை நாங்களே எழுதிக் கொண்டு வந்துள்ளோம். அதனைத் தலைவர் அவர்களிடம் இப்பொழுது அளிக்கின்றோம்.