புழுங்கலரிசியும் பெரிபெரி நோயும்
(நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கன்னிப்பூ, கும்பப்பூ என இருபூ விளையும் நாஞ்சில் நாட்டில், நெல் அவிப்பதைக் காணாத பிள்ளை முன்னாளில் இல்லை. ஊறிய நெல்லைக் குட்டுவத்திலிட்டு வேகவைத்து, பாயில் உலர்த்தி, உரலில் குத்தியெடுப்பர் நம் பெண்மக்கள். அத்தகைய அரிசி கடல்கடந்த நாட்டில் ஒரு பெருநோயின் காரணத்தைக் காட்டிய வரலாற்றை இன்று கூற விரும்புகின்றேன்.

ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த மலேயாவில், வெள்ளீயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் பெருந்திரளாகப் பெரிபெரியால் மாண்டனர். கால் மரத்து, உடல் வீங்கி, நெஞ்சு தளர்ந்து உயிர்போகும் நோய் அது. அதே நாட்டில் கூலிவேலைக்குச் சென்ற தமிழரையோ அந்நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது இந்தியாவினின்று வந்த புழுங்கலரிசி. இவ்வேறுபாட்டை விளக்கிப் பிராடன் என்னும் மருத்துவர் 1907-இல் ஒரு நூல் வெளியிட்டார். பச்சரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகின்றதென அவர் எண்ணியது மட்டும் பிழை.

அதற்கு முன்னரே, 1905-இல், கோலாலம்பூர்ப் பித்தர் மருத்துவமனையில் பிளெட்சர் என்பார் ஒரு சோதனை தொடங்கினார். அங்கிருந்தோரை வரிசையாக நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண்ணினரை ஒருபுறமும் இரட்டைப்படை எண்ணினரை மறுபுறமும் வைத்தார். ஒரு சாரார்க்குப் பச்சரிசிச் சோறு. மற்றவர்க்குப் புழுங்கலரிசிச் சோறு. ஏறக்குறைய ஓராண்டில் பச்சரிசி உண்டோருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோருள் அந்நோயால் இறந்தவர் ஒருவருமிலர்.

முறையின் நேர்த்தியை யான் மறுக்கவில்லை. ஆயினும், தமக்கு எவ்வரிசி வேண்டுமெனச் சொல்லும் நிலையில் அம்மக்கள் இருந்தனரா? பிளெட்சர் பெயரை மருத்துவ வரலாறு மறவாது கூறுகின்றது. அப்பதினெண்மரோ வெறும் தொகையாக நிற்கின்றனர். இது தனிச்செய்தியுமன்று. டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவில் ஃபோர்டர்மன் சிறைக்கைதிகளின் உணவையும் நோயையும் ஒப்பிட்டு 1897-இல் வெளியிட்டார். பின்னர் மலேயாவில் பிரேசரும் ஸ்டாண்டனும் ஏறக்குறைய 300 ஜாவானியச் சாலைக் கூலிகளை இரு பிரிவாக்கிச் சோதித்தனர். நோய்க் கணக்குப் பார்ப்பதற்கு, ஓரிடத்தில் தங்கி, இட்டதையே உண்போர் பலர் வேண்டும். அயலாட்சி அத்தகையோரைச் சிறையிலும் கூலிக் கொட்டகையிலும் நிரம்பச் சேர்த்து வைத்திருந்தது.

காரணம் பின்னர்த் தெளிவாயிற்று. தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து நெல்லை ஊறவைத்து அவிக்குங்கால் அரிசியினுள் இறங்கிவிடுகின்றது. தீட்டினாலும் முழுதும் போவதில்லை. இதைக் கொண்டு, நம் முன்னோர் யாவும் அறிந்திருந்தனரென மார்தட்ட வேண்டா. குத்தும்போது அரிசி நொறுங்காதிருக்கவும், நெடுநாள் கெடாதிருக்கவுமே அவர்கள் நெல்லை அவித்தனர். ஆனால், அவர்தம் கைவேலை இன்றேல் அச்சோதனையில் ஒப்பிடுதற்கு மற்றோர் அரிசியே இராது. அரிசியும் பெரிபெரியும் பற்றிய நூல்களில் மருத்துவர் பெயர் எத்தனையோ கண்டேன். நெல் அவித்த பெண்ணொருத்தியின் பெயரைக் கண்டேனில்லை.

அவ்வேலையைத் தம் கையாற் செய்த பாட்டிமார் நம் இல்லங்களில் இன்னும் சிலர் இருக்கின்றனர். நெல்லை எத்தனை நாழிகை ஊறப்போட்டனர், எவ்வளவு வேகவிட்டனர், பதம் எவ்வாறு கண்டனர் என்பவற்றைக் கேட்டு, அவர் பெயருடன் எழுதி நம் பத்திரிகைக்கு அனுப்புமாறு அன்பர்களை வேண்டிக்கொள்ளுகின்றேன்.