நாலு கட்டம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு பற்றிப் பேச இங்கே என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் அறிவியல் டீச்சர். பத்தாம் வகுப்பில் நாலு கட்டம் போட்டு ஒரு பாடம் நடத்துவேன். பசங்க மார்க்குக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுவார்கள். கல்யாண வயதில் பிள்ளை வைத்திருக்கிற உங்களிடம்தான் அதைச் சொல்லணும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஒரு எண்ணம்.

குழுக் கடனில் கறவை மாடு வாங்கினவங்க கை தூக்குங்க. பாதிப் பேருக்கு மேல் இருக்கிறீர்கள். சினை ஊசி போட வருகிறவரிடம் காளை என்ன இனம், அதன் தாய் எத்தனை லிட்டர் கறந்தது என்று கேட்கிறோம் இல்லையா? மாட்டுக்கு இவ்வளவு விசாரணை. பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது ஜாதகத்தில் பன்னிரண்டு கட்டத்தையும் புரட்டுகிறோம். ரத்தத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

என் சின்னம்மா மகளைத் தாய்மாமனுக்கே கொடுத்தார்கள். சொத்து வெளியே போகாது, பெண்ணும் கண்ணெதிரே இருப்பாள் என்று. மாமியார் வேறு யாருமில்லை, அவளைத் தூக்கி வளர்த்த எங்கள் ஆயாதான். முதல் குழந்தை பிறந்து ஆறேழு மாதத்தில் வெளுத்துப்போனது. மாதாமாதம் ரத்தம் ஏற்றினார்கள். ஆறு வயதில் போய்விட்டது. இரண்டாவதுக்கும் அதே கதை. "ராசியில்லாதவள்" என்று ஊர் சொன்னது. தூக்கி வளர்த்த ஆயாவே சொன்னது. ரொம்பத் தாமதமாகத்தான் ஒரு டாக்டர் புருஷன், பெண்டாட்டி இருவர் ரத்தத்தையும் சோதித்தார். நோயின் பெயர் தலசீமியா.

இப்போது கட்டத்துக்கு வருவோம். கோலமாவால் தரையில் ஒரு சதுரம் போட்டு, நடுவில் நெடுக்கே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு இழுங்கள். நாலு அறை வரும். ரத்தத்தில் சிவப்பணு உண்டாக நமக்குள் ஒரு குறிப்பு இருக்கிறது. அது எப்போதும் ஜோடியாக இருக்கும், அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. நல்ல குறிப்புக்கு 'ந', பழுதானதுக்கு 'ப' என்று வைத்துக்கொள்வோம். ஒரு 'ந' இருந்தாலே உடம்பு சமாளித்துக்கொள்ளும். அதனால் 'நப' உள்ளவர் நோயாளி இல்லை, பழுதைச் சுமப்பவர் மட்டும்தான். சதுரத்துக்கு மேலே அம்மாவின் ந, ப. பக்கவாட்டில் அப்பாவின் ந, ப. அறைகளை நிரப்புங்கள். ஒன்றில் நந, இரண்டில் நப, ஒன்றில் பப. அந்தப் 'பப' குழந்தைக்குத்தான் நோய்.

அந்த அறையை நன்றாகப் பாருங்கள். ஒரு 'ப' மேலிருந்து வந்தது, இன்னொன்று பக்கவாட்டிலிருந்து வந்தது. அம்மா மட்டும் கொடுத்து அந்த அறை நிரம்பாது.

இதன் அடிப்படையைக் கண்டவர் மெண்டல் என்ற பாதிரியார். மடத்துத் தோட்டத்தில் பட்டாணி போட்டு எண்ணினார். நெட்டையையும் குட்டையையும் சேர்த்தபோது முதல் தலைமுறை முழுக்க நெட்டை. அதற்கடுத்த தலைமுறையில் 787 நெட்டை, 277 குட்டை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. ஒளிந்திருந்த குட்டை பேரன் காலத்தில் தலை காட்டியது. 1866இல் அவர் இதை அச்சில் வெளியிட்டபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. கட்டம் போட்டுக் காட்டியவர் பின்னால் வந்த இங்கிலாந்துக்காரர் பன்னெட். நிறம், உயரம், படிப்பு வருமா என்றெல்லாம் இதில் கணக்குப் போடாதீர்கள். அதற்கெல்லாம் பல குறிப்புகள் சேர வேண்டும், வளர்ப்பும் சேரணும்.

நாலில் ஒன்று என்றதும், "ஒண்ணு போயிடுச்சு, இனி மூணும் நல்லா இருக்கும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அது தப்பு. இரண்டு ஒரு ரூபாய்க் காசைச் சுண்டுங்கள், பூவா தலையா. இரண்டிலும் பூ விழுவது நாலில் ஒரு வாய்ப்பு. ஒரு தடவை விழுந்துவிட்டது என்று காசு ஞாபகம் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு கர்ப்பமும் புதிதாகச் சுண்டுகிற காசுதான்.

சொந்தத்தில் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். நானும் சொந்தத்தில் வாழ்க்கைப்பட்டவள்தான், அதனால் திட்ட வரவில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன். ஆயா 'நப' என்று வையுங்கள். அவர் மகனுக்கு அது வர இரண்டில் ஒன்று. மகளுக்கு வர இரண்டில் ஒன்று, அவள் வழியாகப் பேத்திக்கு வர நாலில் ஒன்று. மாமன், பேத்தி இருவருக்கும் இருக்க எட்டில் ஒன்று. பிள்ளைக்கு நோய் வர 32இல் ஒன்று. அதே பேத்தியை வெளியில் கொடுத்தால்? இந்தியாவில் நூற்றுக்கு மூன்று நாலு பேர் இந்தப் பழுதைச் சுமக்கிறார்கள் என்பார்கள். நாலு என்றே வைத்தாலும் 400இல் ஒன்றுதான் வருகிறது. வெளியில் கொடுத்தாலும் பூஜ்யம் ஆகாது, அதையும் கவனியுங்கள்.

நானும் அந்த ஆயாவின் பேத்திதானே. போய்ச் சோதித்தேன். நான் 'நப'. ரத்தசோகை என்று வருஷக்கணக்காக இரும்பு மாத்திரை தின்றவள் நான். அதற்காக நீங்கள் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், நம்மில் நிறையப் பேருக்கு உண்மையிலேயே இரும்புச் சத்துக் குறைவுதான். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை என்றால் டாக்டரிடம் கேளுங்கள். சாதாரண ரத்த எண்ணிக்கையில் சிவப்பணு சிறுத்திருந்தால், அடுத்து ஹீமோகுளோபின் வகை பிரித்துப் பார்க்கும் சோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கர்ப்பமானபின் தெரிந்தாலும், 10, 12 வாரத்துக்குள் கருவைச் சோதிக்க வழியிருக்கிறது. தள்ளிப்போடக் கூடாது.

என் மகனும் 'நப'. பெண் வீட்டாரிடம் சொல்லப் பயமாகத்தான் இருந்தது. சம்பந்தம் முறிந்துவிடும், ஊர் பேசும் என்று இரண்டு நாள் தூங்கவில்லை. சொன்னேன். சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "எங்க பொண்ணுக்கும் பாத்துடலாம்" என்றார். அவள் 'நந'. கட்டம் போட்டுப் பாருங்கள்: இரண்டு நந, இரண்டு நப, 'பப' வருவதற்கு அறையே இல்லை. கல்யாணம் நடந்தது. பேத்திக்கு மூன்று வயது.

மலைப்பகுதிகளில் இதேபோல் அரிவாள் செல் நோய் இருக்கிறது. நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952லேயே கண்டறிந்தார்கள். அதற்கென 2023இல் தேசிய அளவில் ஒரு திட்டம் தொடங்கி, சோதித்தவர்களுக்கு அவரவர் நிலையைக் குறித்த அட்டை கொடுக்கிறார்கள். நம்மூரில் அட்டை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்றும் இதே கட்டத்தில் இருக்கிறது. பெண்ணிடம் இருப்பது எக்ஸ், எக்ஸ். ஆணிடம் எக்ஸ், ஒய். ஆண் குழந்தைக்கு ஒய் வேண்டும், அது யாரிடம் இருக்கிறது என்று வீட்டில் மாமியாருக்குப் போட்டுக் காட்டுங்கள். நாமே மாமியார் என்றால் நமக்கே போட்டுக்கொள்வோம்.

சின்னம்மா மகள் இப்போது ஒரு குழுவில் உறுப்பினர். இதையெல்லாம் மேடையில் சொல்லட்டுமா என்று கேட்டேன். "பேர் மட்டும் சொல்லாதக்கா" என்றாள். அவளுக்கு இந்தக் கட்டத்தைப் போட்டுக் காட்டியபோது இரண்டு பிள்ளைகளும் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. விரலை அந்தப் 'பப' அறையில் வைத்துக்கொண்டு, "அப்போ பாதி அவங்களோடதா?" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

எந்தக் குழுவானாலும் மாதக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். வரவு செலவு முடிந்தபிறகு அரை மணி நேரம் போதும். கோலமாவு நீங்கள் கொண்டு வாருங்கள்.